தம்பிக்குக் கொடுத்த கஞ்சி

தம்பிக்கு வயிற்றால் போக ஆரம்பித்த இரண்டாம் நாள் காலையில், அத்தை தண்ணீர்க் குடத்தைத் தன் பக்கத்திலேயே இழுத்து வைத்துக்கொண்டாள். அவனுக்கு ஒன்றரை வயது, எனக்கு ஒன்பது. தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஒரகடம் பக்கம் இன்று கம்பெனி மதிலாக நிற்கிற இடமெல்லாம் அன்று வேர்க்கடலைக் கொல்லை.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் போனபிறகு எங்களோடு வந்துவிட்டவள். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லும் அப்பா, அக்காவுக்கு எதிரில் வாய் திறக்க மாட்டார். பேதியானால் தண்ணீரே ஆகாது என்பது அத்தை வைத்த சட்டம். தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். அம்மா தயங்கியபோது, "ஓட்டப் பானையில தண்ணி ஊத்துனா நிக்குமா? நீயே சொல்லு" என்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கடலை பிடுங்க ஆள் வரச் சொல்லியிருந்ததால் அம்மாவும் அப்பாவும் மனசில்லாமல் கொல்லைக்குப் போனார்கள். வெயில் ஏறியதும், மந்திரிக்கிறவரை அழைத்து வருகிறேன் என்று அத்தையும் எழுந்தாள். வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு தண்ணி உள்ள போச்சின்னா கொழந்த நம்மள்து இல்ல. ஞாபகம் வெச்சிக்கோ."

தம்பி அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண் குழிவிழுந்து, உதடு காய்ந்து கிடந்தவன் குடத்தையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீர்தானே கூடாது, கஞ்சியைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீலானேன். காலையில் வடித்து, மாட்டுக்கு எடுத்து வைத்திருந்த சோற்றுக் கஞ்சியில் நான் குடிக்கிற மாதிரியே கொஞ்சம் உப்புப் போட்டு, அவன் வாயில் ஊற்றினேன். டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டு குடித்தான்.

குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனான். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். அந்தப் பயத்திலும் என் முடியை அல்ல, தம்பி முடியைத்தான். ஆனால் அவன் மறுபடி டம்ளரைப் பார்த்தான், மறுபடி கொடுத்தேன். அத்தை வருவதற்குள் நாலு தடவை கொடுத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

மந்திரிக்கிறவர் ஊரில் இல்லை என்று அத்தை தனியாகத் திரும்பி வந்தாள். மதியம் அம்மாவோடு வீட்டுக்கு வந்த அப்பா, பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். முதல்முறையாக அக்காவிடம் கேட்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஓடினோம்.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா தம்பியை மடியில் வாங்கிக் கிடத்தி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அப்போது அவன் அவர் வெள்ளைப் புடவையிலேயே ஒன்றுக்குப் போனான். அவர் கோபிக்கவில்லை.

"மூத்திரம் போறான்னா உள்ள தண்ணி கீது. கொழந்தைக்கு யாரு இன்னா குடுத்தது?"

ஒரு சொட்டும் கொடுக்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். "நான் பாத்துக்கினே இருந்தேன்" என்று அத்தையும் சொன்னாள். நர்ஸம்மாவின் பார்வை கடைசியில் என்மேல் நின்றது. அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டேன். கஞ்சி, உப்பு, நாலு தடவை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எங்கிருந்து அடி விழும் என்று தெரியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

நர்ஸம்மா பேதிக்குக் கொடுக்கிற உப்பு, சர்க்கரைப் பொடிப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். "இவ மட்டும் குடுக்கலன்னா, இந்நேரம் நீங்க கொழந்தய தூக்கிக்கினு வந்தே பிரயோஜனம் இல்ல" என்றார்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அத்தைதான் நர்ஸம்மாவின் அருகில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"என் ரெண்டும் தண்ணி தண்ணின்னு தாம்மா கேட்டுச்சிங்க. நான் குடுக்கல."

கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அத்தை வெளியே போய், குழாயடியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைக் கேட்காத என்மேல்தான் கோபம் என்று நினைத்து, பல நாள் அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். ரெண்டு என்று அவள் சொன்னது கன்றுக்குட்டிகளையாக இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். அத்தைக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.