காலி வீட்டில் எரிந்த விளக்கு

திருவனந்தபுரத்தில் மகாராஜா ஆட்சி நடந்த காலம். கட்டட வரி வசூலில் நான் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. அப்போது என் கையாலேயே செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகள் அதையே செய்து தொலைக்க வேண்டாம்.

வாடகை வீடு அரை வருஷம் ஆளில்லாமல் கிடந்தால் வரியில் பாதி தள்ளுபடி உண்டு. வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். வசூல்காரன் முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்த்து ரிப்போர்ட் வைக்க வேண்டும்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கோமதியம்மாள் இருந்தார். நாடகப் பாட்டுக்காரி, திருநெல்வேலிப் பக்கம். மேடை மேடையாகப் பாடிச் சேர்த்த காசில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வீடு வாங்கி, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விட்டிருந்தார். அது காலியாகி அரை வருஷம் ஆனதும் தள்ளுபடிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு தடவை சாயங்காலம் போனேன். இரண்டு தடவையும் ஜன்னல் வழியே விளக்கு தெரிந்தது. ஏமாற்றுகிற வீட்டுக்காரர்களைப் பிடித்தே தீருவேன் என்று எனக்கு அப்போது ஒரு வெறி. தெருவில் நின்றபடியே ‘ஆள் குடியிருப்பு உண்டு’ என்று எழுதிவிட்டேன். ஆபீசில் அவர் மனுவை ஏற்கவில்லை. முழு வரி கட்ட அந்த அம்மாளுக்கு வழியில்லை. ஜப்தி வாரண்டு வந்தது.

சேவகன் பாச்சுவோடு நானே போனேன். வீட்டில் விலைபோகிற சாமான் ஆர்மோனியம் ஒன்றுதான். பாச்சு அதைத் தூக்கக் குனிந்தான். கோமதியம்மாள் இரண்டு கையையும் பெட்டிமேல் ஊன்றிக்கொண்டார்.

"நாளைக்கு நாகர்கோவில்ல நாடகம். ஒரு மாசக் கான்ட்ராக்ட். இது இல்லாம போனா வாசலோட அனுப்பிருவாங்க. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குய்யா முழு வரி?"

"விளக்கு எரிஞ்சதை என் கண்ணால பாத்தேனே!"

"நாந்தான் ஏத்துனேன். நாலு பேர் குடிவர வேண்டிய வீட்டை இருட்டடிச்சுப் போடுவாங்களா? உங்க வீட்ல போடுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நாஞ்சில் நாட்டில் எங்கள் பழைய வீடு பூட்டிக் கிடந்தபோது என் அம்மா தினமும் போய் விளக்கேற்றிவிட்டு வருவாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடவே போனவன் நான். சீ, என்ன புத்தி எனக்கு!

சாவியை வாங்கி அடுத்த வீட்டைத் திறந்தேன். அடுப்பில் ஒரு பிடி சாம்பல் இல்லை. உள்ளே சிலந்தி வலை. கிணற்று ராட்டினம் துருப்பிடித்து நின்றது. விளக்கு மாடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு.

திரும்பி வந்து, "பெட்டியை வை, பாச்சு. தொழில் செய்யறவங்க கருவியை ஜப்தி பண்ணக்கூடாதுன்னு விதியிருக்கு" என்றேன்.

"அது தச்சனுக்க உளிக்கல்லோ சாரே? இது பாட்டுப்பெட்டி."

"இவங்களுக்கு இதுதான் உளி. வை கீழே."

ஆபீசில் ‘வீடு காலி’ என்று புது ரிப்போர்ட் எழுதி நீட்டியதும் சூப்பிரண்டு எரிந்து விழுந்தார். "நீரே எழுதுவீரு, நீரே அழிப்பீரோ? தப்பு ரிப்போர்ட்டுன்னா உமக்குத்தான் தண்டம், தெரியுமா ஓய்?"

"போடுங்க சார். ஆனா நீங்க வந்து அந்த அடுப்பைப் பாக்கணும்."

மூன்று நாள் திட்டினார். மூன்று நாளும் காலையில் அதே காகிதத்தோடு அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். நாலாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாவி என்னிடமே இருந்தது; வீட்டைத் திறந்துவிட்டேன். அடுப்புக்குள் கையை விட்டார், ஒட்டடையோடு வெளியே எடுத்தார். அங்கேயே கையெழுத்துப் போட்டார். பாதி வரி தள்ளுபடி ஆயிற்று. எனக்குப் பாதி மாசச் சம்பளம் போயிற்று. அழுகை வந்தது, ஆனாலும் வருத்தமில்லை.

நாடகம் முடிந்து திரும்பிய கோமதியம்மாள் மீதி வரியைத் தானே கொண்டுவந்து கட்டினார். போகும்போது கேட்டார்: "வீடு இன்னும் காலிதான். விளக்கை நிறுத்திரட்டுமா?"

"ஏத்துங்கம்மா. நான் உள்ள வந்து பாத்துக்கறேன்."

அதன் பிறகு வேலையை விடும் வரை எந்தக் காலி வீட்டையும் தெருவில் நின்று எழுதியதில்லை. அடுப்புக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.