ஒட்டகத்தின் பின்பாதி

நான் ஒட்டகமாக இருந்திருக்கிறேன். முழு ஒட்டகம் இல்லை, பின்பாதி. முன்பாதி என் அண்ணன்.

மலாயாவில் கம்யூனிஸ்ட்காரர்களோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. கோலா சாவா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. பொழுது சாய்ந்தால் கேட்டை மூடிவிடுவார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று மாரியம்மன் திருவிழாவும் நின்றுபோனது, அதில் போடும் கூத்தும் போனது. என் மாமா கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர். அதற்காகவே மீசை வைக்காத மனுஷன். திருவிழா இல்லாமல் சோறு இறங்கவில்லை அவருக்கு.

அப்போதுதான் ரப்பர் பால் ஸ்டோர் மெஷினைப் பார்க்கத் துருக்கியிலிருந்து ஓர் இன்ஜினியர் வருவதாகச் சொன்னார்கள். தோட்டத்துத் துரையின் மனைவி துரைசானி, மாமாவைக் கூப்பிட்டு ஒரு படப் புத்தகத்தைக் காட்டினார். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார். துருக்கிக்காரர் என்றால் இப்படித்தானாம். பெரிய தலைப்பாகை, காதுவரை மீசை, வளைந்த கத்தி, சுற்றி நாலு மனைவி, பின்னால் ஒட்டகம். இதை நடித்துக் காட்டி விருந்தாளியைச் சந்தோஷப்படுத்தினால், திருவிழாவுக்குத் துரையிடம் உத்தரவு வாங்கித் தருவாராம்.

மாமா ராத்திரி பகல் பார்க்கவில்லை. பலகையில் கத்தி செய்தார். கோணிச்சாக்கும் தலையணையும் ஒட்டகமாகின. ஆட்டுமுடி மீசையை ரப்பர் பாலைத் தடவி ஒட்டிக்கொண்டார். மனைவிகளுக்குத்தான் ஆள் இல்லை. மாமியைக் கேட்டார்.

"ஒருத்திய வச்சிக் காப்பாத்தவே தெரியல. இதுல நாலு வேணுமா லா?" என்றாள் மாமி.

கடைசியில் பால் வெட்டும் ஆம்பிளைகள் நாலு பேர் முக்காடு போட்டுக்கொண்டார்கள்.

பங்களா புல்வெளியில் மத்தியானமே காத்திருந்தோம். ஜீப் வந்தது. தொப்பி, டை, மழுமழுவென்று சிரைத்த முகத்தோடு ஒருவர் இறங்கினார்.

"துருக்கிக்காரரு எப்ப வருவாரு?" என்று மாமா கேட்டார்.

"அவருதான்யா இவரு" என்றார் கிராணி.

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. ஆனால் தப்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நடந்தோம். அண்ணன் நின்றது எனக்குத் தெரியவில்லை. நான் நடந்துகொண்டே இருந்தேன். தலையணை சரிந்து வயிற்றுக்கு வந்துவிட்டது. விருந்தாளி சிரிக்கவே இல்லை.

"திருவிழா போச்சு" என்று அண்ணன் சாக்குக்குள் முனகினான்.

விருந்தாளி எழுந்து வந்தார். சாக்கைத் தூக்கி என்னைப் பார்த்தார். இது என்ன மிருகம் என்று கேட்டாராம்.

"ஒட்டகங்க. ஒங்க ஊருதுதான்" என்றார் மாமா.

கிராணி அதைச் சொன்னதும் அந்த மனுஷன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்படிச் சிரித்தார். அவர் ஊரில் கடல் இருக்கிறதாம், பனி கொட்டுமாம். ஒட்டகத்தை மிருகக்காட்சி சாலையில்தான் பார்த்திருக்கிறாராம். மனைவி ஒருத்திதானாம், பள்ளிக்கூட டீச்சராம். பிறகு மாமாவின் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பாதி கையோடு வந்தது. வலியில் மாமா அழுதார், சிரிப்பில் அவர் அழுதார்.

நிஜமாக நீ என்ன ஆடுவாய் என்று கேட்டார். மாமா தலைப்பாகையை அவிழ்த்துத் தாவணியாகப் போட்டுக்கொண்டு, பாதி மீசையோடு பெண்பாட்டு பாடி ஆடினார். விருந்தாளி எழுந்து நின்று கைதட்டினார். இந்த ஆட்டம் எப்போது நடக்கும், நான் பார்க்க வேண்டும் என்று துரையைக் கேட்டார். விருந்தாளி முன்னால் துரை என்ன சொல்வார்? வருகிற மாதம் என்றார். முக்காடு போட்ட நாலு பேரும் மாமாவைத் தூக்கிவிட்டார்கள்.

துரைசானி முகம் மட்டும் சிவந்திருந்தது. விருந்தாளி அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். சிரித்துக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். கோவணம் கட்டிய கறுத்த ஆள் ஒருவர் மகுடி ஊதுகிறார், கூடையில் பாம்பு, பின்னால் யானை. இது நீங்களா என்று கேட்டாராம். மாமா படத்தைப் பார்த்தார். விருந்தாளியைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், முன்னைவிட மெதுவாக.

நான் லயத்துக்கு ஓடினேன். நம்மையும் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். அவ்வளவு பெருமை எனக்கு.