காற்றுப் புகாத எட்டுப் படங்கள்

ஓவியங்கள் நிலத்தைப் போன்றவை, வைத்திருந்தால் விலை ஏறும் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அது என் கணவரின் நம்பிக்கை. நான் மறுத்துப் பேசாததால் எனதும் ஆயிற்று. அவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், இலை பதமாவதை மேற்பார்க்கும் டீமேக்கர். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டை விட்டு நாங்கள் வெளியேற வேண்டும். பதுளை நகரில் ஒரு வீடு வாங்கச் சேர்த்த பணத்தை, அவர் கொழும்புக் கண்காட்சிகளில் எட்டுப் படங்களாக மாற்றினார்.

ஒன்றையும் மாட்ட விடவில்லை. வெயில் பட்டால் நிறம் போகும், புகை பட்டால் விலை போகும் என்பார். மழை நாட்களில் ரயிலில் கொண்டுவந்த படங்களை அன்று மாலையே, தேயிலை அடைக்கும் வெள்ளித்தாள் பைகளில் இட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, கட்டிலுக்கடியில் அடுக்கினார். பைக்குள் அடங்கும் அளவு பார்த்தே படம் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஒன்பதாவது படம் என்னுடையது. பசறையில் ஒரு சித்திர ஆசிரியரிடம் வாங்கியது. பனிமூட்டம், மலைவளைவு, ஒரு பஸ்ஸின் இரண்டு விளக்குகள், அவ்வளவுதான்.

“இத யாரு வாங்குவா?” என்று கணவர் சிரித்தார்.

“நான்தான் வாங்கிட்டேனே.”

அதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினேன்.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் எட்டையும் விற்பதற்காக வரச்சொன்ன, படம் வாங்குபவர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். கணவர் பேனாக்கத்தியால் முதல் பையைக் கீறினார். ஈரச்சாக்கு நாற்றம் எழுந்தது. படம் வரைந்த துணி முழுவதும் சாம்பல் நிறப் பூஞ்சணம். அவர் என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார். அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன். அதிலும் அதே நாற்றம். வந்தவர் நான்காவதோடு போதும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கணவர் எட்டையும் கீறினார்.

“ஈரத்தோட கட்டிட்டீங்க ஐயா,” என்றார் வந்தவர்.

காயாத தேயிலையை ஒரு நாளும் பையில் அடைக்க விடாதவர் என் கணவர். கத்தியை மடக்கினார்.

வந்தவர் சுவரில் மாட்டியிருந்த என் படத்தைப் பார்த்து, அது மட்டும் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தொகை சொன்னார். வீடு வாங்கப் போதாது. ஆறு மாத வாடகைக்குப் போதும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் ஏறிப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன்.

“அத மாட்டு,” என்றார் கணவர்.

“வாடகைக்கு ஆகுமேங்க.”

“அது விக்க வாங்குனது இல்ல. மாட்டு.”

வந்தவர் நான் வைத்த தேநீரைக் குடிக்காமலே போனார்.

பதுளையில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில், சட்டிபானை இறங்கும் முன்பே கணவர் அந்தப் படத்துக்கு ஒரு ஆணி அடித்தார். இப்போது மாலைகளில் படத்தின் முன்னால் உட்கார்ந்து, அந்த பஸ் மலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்கிறார். நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறேன். விலையைப் பற்றிய பேச்சு இல்லாமல் அந்த அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிறோம்.