முதலாம் கியரில் ஒரு ஊர்வலம்

ஊர்ப் பிள்ளைகளின் நிறை கூடுகிறதா என்று பார்த்துத் திரிந்தே எங்கள் நிறை குறைந்துபோனதை, மிட்வைஃபாக வேலை பார்த்த எல்லோரும் ஒத்துக்கொள்வீர்கள். தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்கு வாய்த்தது வவுனியா நகருக்கு வெளியே ஒரு குளக்கட்டுக் கிராமம். கட்டின் நடுவில் ஆமிக்காரரின் காவலரண், சென்றி. அதைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது.

வெள்ளைச் சேலையில் ஒரு சவாரி

சுகாதாரக் கந்தோரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தந்து ஓடச் சொன்னார்கள். எங்கள் ஊரில் பெண்கள் பின்னால் ஒருபக்கமாக இருந்துதான் பழக்கம். அறுவடை முடிந்த வயலில் சேலையைச் செருகிக்கொண்டு நான் ஓடிப் பழகியதை ஊரே வரம்பில் நின்று பார்த்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்த கந்தசாமியண்ணைதான் முதலில் வாய் திறந்தார்.

"மிஸி, நீங்கள் விழுந்தாலும் மருந்துப் பெட்டியை விழுத்திப்போடாதேங்கோ. என்ர சின்னவனுக்கு இண்டைக்கு ஊசி."

தராசில் ஒரு தொப்பி

சென்றியில் இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். காவலுக்கு நின்ற பொடியன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஓட்டுற ஆள் எங்கே?" என்றான். நான்தான் என்றதை அவன் நம்பவில்லை. பையைத் திறந்தால் முள்ளும் வட்டமும் கொளுக்கியுமாகக் குழந்தை நிறுக்கும் தராசு. துவக்கு நிமிர்ந்தது. குண்டென்று நினைத்துவிட்டான்.

வேறு வழி தெரியாமல் தராசை வேப்பங்கொப்பில் கொளுவி, குழந்தைகளை இருத்தும் துணிக் காற்சட்டைக்குள் அவனுடைய இரும்புத் தொப்பியை வாங்கிப் போட்டு நிறுத்துக் காட்டினேன். முள் ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் ஊரில பேபி இருக்கு. நான் இன்னும் பார்க்க இல்லை."

வசந்தியின் சைக்கிள்

அந்தப் பொடியன் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டான். பிறகு வந்தவன், உயர்தரப் பரீட்சைக்கான ஏ.எல். வகுப்புக்குப் போகும் கந்தசாமியண்ணையின் மூத்தவள் வசந்தியை மட்டும் மறித்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தினமும் பெயர் கேட்டான். அண்ணை வகுப்பை நிறுத்திவிட்டார். நான் சின்னவனை நிறுக்கப் போனபோது அவள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீருக்கு வெங்காயம் காரணமில்லை.

"சோதினை அடுத்த வருசமும் வரும் மிஸி. பிள்ளைக்கு ஒண்டு நடந்தால்?" என்றார் அண்ணை. காலையில் என்னோடு வரட்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் சைக்கிளில், நான் பக்கத்தில் முதலாம் கியரில். ஒரு கிழமைக்குள் தையலுக்குப் போகிறவர்கள், களை பிடுங்கப் போகிறவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது. ஒருநாள் வசந்தி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மிஸி, இன்னும் கொஞ்சம் மெதுவா. தையல் அக்காவுக்குச் செயின் கழண்டுபோச்சு."

காய்ச்சல்

வசந்தியின் பரீட்சை தொடங்கும் நாளன்று பார்த்து எனக்கு மலேரியா. போர்வைக்குள் நடுங்கியபடி அவளைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். போயிருக்க மாட்டாள் என்றே முடிவுகட்டி அழுதும்விட்டேன். பின்னேரம் வாசலில் சைக்கிள் மணிகள் கேட்டன. முன்னால் வசந்தி, கையில் மை.

"எல்லாரும் நெருக்கமாத்தான் போனனாங்கள் மிஸி. அவன் என்ர பேரைக் கேட்டான். நாங்கள் எல்லாருமா அவன்ர பேரைக் கேட்டம். பேசாமல் வழியை விட்டிட்டான்."

நான் எழும்பி றோட்டுக்கு வந்த காலையில் அவர்கள் எனக்காக நிற்காமல் போய்விட்டிருந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு இரண்டாம் கியரைப் போட்டேன், மோட்டார் சைக்கிளுக்குச் சந்தோசம், எனக்குத்தான் கொஞ்சம் பொறாமை.