கொல்லைச் சுவருக்கு அப்பால் ஒரு செருமல்

சினிமாவில் ஒலிப்பதிவு செய்கிறவனை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். படம் நன்றாக இருந்தால் கேமராமேனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் மட்டும் என் பெயரைத் தேடுவார்கள். பதினாறு வருடமாக இந்தப் பிழைப்புதான். இத்தனை வருடத்தில் என் காதுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பெயர் ஹாஃபிஸா. சினிமாவுக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனால் நானும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹாஃபிஸா அக்கா பிறந்தது நாகப்பட்டினம் பக்கம். கல்யாணம் முடிந்து வலங்கைமானுக்கு வந்தவர். கணவர் ஹபீப் முகம்மது சவூதியில், தம்மாமில் ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். ரெண்டு வருடத்துக்கு ஒரு முறை, கோடையில், ரெண்டு மாத லீவில் வருவார். "எங்க கல்யாண வாழ்க்கை மொத்தம் இருபத்து நாலு வருஷம் தம்பி. நாங்க ஒண்ணா இருந்ததைச் சேத்துப் பாத்தா முழுசா நாலு வருஷம் தேறாது" என்று அக்காவே விரல் மடக்கிச் சொல்லியிருக்கிறார்.

லீவில் வந்தாலும் மனிதர் வீட்டில் தங்க மாட்டார். காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெரு, பள்ளிவாசல், சொந்தக்காரர் வீடு என்று சுற்றிவிட்டு, பிற்பகலில் வந்து கொல்லைப்புறத்தில் வண்டிக்கு ஸ்டாண்ட் போடுவார். டடக். பிறகு ஒரு தரம் தொண்டையைச் செருமுவார். அது காதில் விழுந்ததும் அக்கா டீயை அடுப்பில் ஏற்றுவார். "வந்துட்டேன்" என்று அவரும் சொன்னதில்லை, "வந்துட்டீங்களா மச்சான்" என்று இவரும் கேட்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் தம்மாமில் மாரடைப்பில் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். வீட்டுக்கு வந்தது போனில் ஒரு மண்மேட்டுப் படம் மட்டும். அக்கா கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் காலம் அது. அப்படி உள்ளறையில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில்தான் கொல்லைப்புறத்தில் அந்தச் சத்தம் கேட்டது. டடக். பிறகு செருமல்.

நீங்களும் நானும் என்றால் அலறியிருப்போம். அக்கா எழுந்து போய் டீ வைத்திருக்கிறார். வைத்து, ரெண்டு டம்ளரில் ஊற்றிய பிறகுதான் அவர் இல்லை என்பதே நினைவுக்கு வந்ததாம்.

அதன்பிறகு சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒழுங்காக வராது. கோடையில் தினமும் வரும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வரவே வராது. கோடையிலும் சில நாள் காலையில் வரும், சில நாள் பிற்பகலில் வரும். எல்லாவற்றுக்கும் அக்கா ஒரு காரணம் வைத்திருந்தார். லீவு கோடையில்தானே கிடைக்கும். அங்கே ஷிஃப்ட் டூட்டி, அதனால்தான் நேரம் மாறுகிறது. இதைச் சொல்லும்போது அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை தாங்காமல் மகள் அஃப்ரீனிடம் சொல்லிவிட்டார். அஃப்ரீன் சென்னையில் பள்ளி ஆசிரியை. வருவது அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு. பாவம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். டிசம்பர் மாதம். ஒரு சத்தமும் இல்லை. அவள் என்னதான் நினைப்பாள்? சென்னையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துப் பேசினாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போவது என்று முடிவானது. அது மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. இடையில் ஒரு சினிமா கம்பெனி வீடு கேட்டு வந்தது. போவதற்கு முன்னால் நாலு பேர் நடமாட்டம் இருந்தால் அம்மாவுக்கு நல்லது என்று அஃப்ரீன்தான் சம்மதித்தாள்.

அந்தக் கம்பெனியில்தான் நானும் போனேன்.

படம் இந்தக் காலத்துத் திகில் வகை. பேய் வெள்ளைச் சேலையில் வராது. கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு வீட்டில் காலடி கேட்கிறது. வீட்டில் ஏதாவது இருக்கிறதா, அல்லது அவள் மனசுதான் பிசகிவிட்டதா என்று கடைசிவரை பார்க்கிறவனைக் குழப்ப வேண்டும். இயக்குநர் தமிழ்நிலா, சின்னப் பெண், இது முதல் படம். இந்தக் கதையைக் கொண்டுபோய் இந்த வீட்டிலேயே எடுக்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்கா மட்டும் சமையலறை வாசலில் நின்று ஒத்திகையை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் எனக்கு டீ கொடுத்துவிட்டு, "கடைசியில அந்தப் பொம்பளைக்கு என்ன தம்பி ஆகும்?" என்று கேட்டார்.

"பைத்தியம்னு ஆஸ்பத்திரில சேத்துருவாங்கக்கா. எல்லாம் அவ கற்பனைன்னு முடியும்."

வாயில் சனி. நான் குடித்து முடிக்கும் முன்பே டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நடிக்கிறவர்களின் மூச்சுவரை கேட்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல். கதாநாயகி கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிற காட்சி. மின்விசிறி நிறுத்தியாயிற்று, கோழிகளைத் துரத்தியாயிற்று. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைத் திறந்தேன். டேக் போய்க்கொண்டிருக்கும்போது கொல்லைப் பக்கமிருந்து டடக் என்றது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். கையைத் தூக்கி டேக்கை நிறுத்தினேன். "எவன்யா அவன், ஷாட் போறப்ப வண்டி ஸ்டாண்டு போட்டுச் செருமுறது?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் யூனிட்டே ஒதுங்கி நிற்கும். ஆள் அனுப்பிப் பார்த்தோம். கொல்லையில் யாரும் இல்லை, வண்டியும் இல்லை.

சமையலறை வாசலில் அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்காம என்னக்கா? பதிவே ஆயிருக்கு."

ஹெட்போனை அவர் காதில் வைத்து ஓட்டிக் காட்டினேன். ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்படியே தரையில் உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கணும் தம்பி. ஆறு வருஷமா எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சு செத்துக்கிட்டு இருந்தேன்" என்றவர் முழுக் கதையையும் அப்போதுதான் சொன்னார். கதாநாயகி அதற்குமேல் அந்த அறைக்குள் வர மறுத்துவிட்டாள். தமிழ்நிலாவோ, "அண்ணா, அந்தச் சத்தத்தைப் பத்திரமா வைங்க, படத்துக்கு ஆகும்" என்கிறாள். இயக்குநர்கள் எல்லோரும் ஒரே அச்சு.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் என் தொழில்புத்தி விடவில்லை. சத்தம் என்றால் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு கொல்லைச் சுவரோரமாகத் தேடப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. கேட்டதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தவன் முட்டாள். எதுவும் கிடைக்காவிட்டால் பயம். கிடைத்துவிட்டாலோ, வந்துபோனவர் வரவே இல்லை என்றாகிவிடும்.

முந்தானையை முறுக்கிக்கொண்டே, "தேடுங்க தம்பி. நானும் வாரேன். எனக்கு என் காதுமேல நம்பிக்கை வேணும்" என்றார்.

மறுநாள் சுவரோரம் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஐயாவு என்பவருடைய வயல். அவருடைய அப்பா அந்த வயலில் கூலிக்கு நட்டவர். ஐயாவு அதையே வாங்கிச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறவர். சுவரை ஒட்டி ஒரு மோட்டார் கொட்டகை. "அது ஓடுறதில்ல தம்பி. முன்னெல்லாம் ஐயாவு அண்ணன் இந்த வழியாத்தான் வந்து சுவிட்சைப் போடுவாரு. மச்சான் போன பிறகு அவர் இந்தப் பக்கமே வாரதில்ல. ஆளே வராம மோட்டாரை யார் போடுறது?" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கொட்டகைக்குள் டடக் என்றது. சுவரடியில் புதைத்திருந்த குழாய்க்குள் காற்று முட்டி, ஒரு மனிதர் செருமுவதைப் போலவே செருமியது. பிறகு தண்ணீர் அமைதியாக வயலுக்குப் போனது. மோட்டார் போர் குழாய்க்குள் ஆழத்தில் இருக்கிற வகை, அதனால் ஓடுகிற சத்தமே வெளியில் வராது.

எட்டிப் பார்த்தேன். கொட்டகைச் சுவரில் ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர். மூன்று ஃபேஸ் கரண்ட் வந்தால் ஆளில்லாமல் தானே மோட்டாரைக் கிளப்பிவிடும். விவசாயத்துக்குக் கரண்ட் விடுகிற நேரம் முறைவைத்து மாறும். ஆற்றுத் தண்ணீரும் மழையும் வந்துவிட்டால் மோட்டாரே வேண்டாம். லீவு, ஷிஃப்ட் எல்லாம் இதுதான். முன்பெல்லாம் ஐயாவு ஆளாகவே வந்து சுவிட்சைப் போட்டதால் இந்தச் சத்தத்தை யாரும் தனியாகக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அக்கா சுவரோரம் கிடந்த துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு, "மச்சான் போயிட்டாரு தம்பி" என்று அழுதார். ஆறு வருடத்துக்கு முந்தைய சாவுக்கு அன்றைக்குத்தான் அழுதார் என்று நினைக்கிறேன். நான் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். கண்டுபிடித்திருக்க வேண்டாமோ என்று எனக்கே பட்டது.

மாலையில் ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினோம். பதறிக்கொண்டு வந்தவர், வீட்டுக்குள் வராமல் தெருவாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சத்தம் தொந்தரவா இருக்கா தங்கச்சி? நாளைக்கே கழட்டிடுறேன்."

"அதில்லண்ணே. எதுக்கு இதை மாட்டினீங்க? நீங்களே வந்து போடுவீங்களே?"

ஐயாவு என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பாய் போனப்ப என் பொஞ்சாதி ரெங்கம்மாதான் சொன்னா. அவங்கள்ல புருசன் போயிட்டா பொம்பளைங்க வெளி ஆம்பளை கண்ணுல படக்கூடாதாம், நீ பாட்டுக்குக் கொல்லைப் பக்கமா நடந்து போகாத, அந்தப் பொண்ணு காத்தாட ஒரு துணி காயப்போடக்கூட வர முடியாதுன்னா. சரிதானேன்னு ஸ்டார்ட்டரை மாட்டிட்டு வாய்க்கால் கரை வழியா வயலுக்குப் போக ஆரம்பிச்சேன்."

"இன்னுமா கரை வழியாப் போறீங்க?"

"ஆமா. அது எப்ப முடியும்னு யார்கிட்ட போய்க் கேக்குறது? பொம்பளைங்க சமாச்சாரம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அண்ணே, இத்தா நாலு மாசம் பத்து நாள்தான்."

"நாலு மாசமா?" என்றார் ஐயாவு. கொல்லை வழியாகப் போனால் வயல் நூறு அடி. கரை வழியாக ஒரு கிலோமீட்டர். ஆறு வருடம், வெயிலிலும் சேற்றிலும், போகவர அந்த மனிதர் சுற்றி நடந்திருக்கிறார். தெருவாசலில் நின்று அவரே சிரிக்க ஆரம்பித்தார். அக்காவும் சிரித்தார், சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. "செத்தவரு எனக்காக வந்து போறாருன்னு நெனச்சேன்ண்ணே. உசுரோட இருக்குற நீங்க எனக்காகச் சுத்திப் போயிருக்கீங்க. எனக்குத் தெரியாமப் போச்சே" என்று கும்பிட்டார். ஐயாவு இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

அடுத்த நாள் அஃப்ரீன் வந்தாள், பெட்டி கட்ட. ஹெட்போனை மாட்டிவிட்டேன். பிறகு பிற்பகல்வரை காத்திருந்து சுவரோரம் நின்று நேரிலும் கேட்டாள். அம்மா தோளில் சாய்ந்துகொண்டு, "நான் உன்னை நம்பலையேம்மா" என்றாள். மருத்துவருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பெட்டி மறுபடி பரண்மேல் போனது.

தமிழ்நிலா படத்தின் முடிவை மாற்றவில்லை. சினிமாவுக்கு அதுதான் சரி என்றாள். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

கடைசி நாள், கடைசிக் காட்சி. அதே அறை, கதாநாயகி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். டேக் போகும்போது கொல்லையில் டடக் என்றது. அது எதிர்பார்த்ததுதான். குழாய் செருமியது. அதுவும் தெரிந்ததுதான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு செருமல் கேட்டது. இது குழாய் இல்லை. காலில் சேறோடு, கொல்லை வழியின் முனையில் நின்று, வரலாமா என்று தயங்குகிற ஆளின் செருமல். ஹெட்போனில் சமையலறைச் சத்தமும் கேட்டது. அடுப்பு பற்றியது, பாத்திரம் ஏறியது, கொல்லைக் கதவு திறந்தது.

"வாங்கண்ணே, இந்த வழியாவே வாங்க. டீ போட்டுட்டேன்."

டேக் வீணாகிக்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கவில்லை.