பதிவுக் கந்தோரில் ஒரு ‘ஸ்பின்ஸ்டர்’

இன்று மத்தியானம் திருகோணமலைப் பதிவுக் கந்தோரில் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எனக்கு முப்பத்துநாலு வயது. பதிவாளர் என் விபரத்தை ஆங்கிலத்தில் உரக்க வாசித்தார்: “ஸ்பின்ஸ்டர்.”

மாப்பிள்ளையின் சித்தப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். “கரைசேராத கிழட்டுக் குமர் எண்டுதானே அதுக்கு அர்த்தம்? எங்கட பொடியனுக்கு அப்பிடி ஒருத்தியோ? எழும்புங்கோ, போவம்!”

மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்துவிட்டார்.

பதிவாளர் பதறாமல் சொன்னார்: “ஐயா, இருங்கோ. ஸ்பின் எண்டால் நூல் நூற்கிறது. முந்தி இங்கிலாந்தில நூல் நூற்ற பொம்பிளையளின்ர தொழில் பேர் இது. அவையளில கனபேர் கலியாணம் முடிக்காததால, பிறகு கலியாணமாகாத எல்லாருக்கும் சட்டத்தில இந்தப் பேர் வந்திட்டுது. இது ஏச்சு இல்லை.”

சித்தப்பா உட்காரவில்லை. துறைமுக டொக்யாட்டில் கிரேன் ஓட்டும் மாப்பிள்ளைதான் பேனையை எடுத்தார்.

“என்னால வர ஏலாது, சித்தப்பா. நீங்களும் இருங்கோ,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். அதன் கீழே நானும் கையெழுத்திட்டேன்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. முதலில் அவரைப் ‘பச்சிலர்’, அதாவது கல்யாணமாகாத ஆண், என்று வாசித்தபோது மட்டும் ஒருவரும் எழும்பவில்லை. ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.