சுவீடன்காரர் கொடுத்த தோல் உடுப்பு

எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள் என் அண்ணன். அதைத் தெருவில் ஓட்ட முடியாமல் திண்டாடியவனும் அவன்தான். விடிந்தால் பாவு நீட்டிவிடுவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் நின்று நீவிக்கொண்டிருக்கும்போது நடுவே ஒருவன் புகை கக்கிக்கொண்டு வந்தால் சும்மா விடுவார்களா? ஆகவே என்ஜினை அணைத்து, மாட்டை ஓட்டிப் போவதுபோல வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். "பந்தயக் குதிரை போவுது பாரு" என்று பெரிசுகள் கிண்டலடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் பல்லைக் காட்டிவிட்டுப் போவான்.

நைனா தறி நெய்தார். அண்ணனையும் தறிக்குழியில் இறக்கிப் பார்த்தார். "மிதிய மிதிக்கச் சொன்னா கியர மாத்துறான்" என்று அலுத்துப்போய் விட்டுவிட்டார். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். ஆனால் அவன் உயிர் இருந்தது பந்தயத்தில். மெட்ராசுக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. பனிக்காலத்தில் அங்கே மோட்டார் பந்தயம் நடக்கும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் காரில் பறப்பார்கள். இடையிடையே மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு பந்தயம் உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டுநூல் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று நாங்கள் கேட்காத நாள் இல்லை.

பழகுவதற்கு அவனுக்கு இருந்தது திருப்புட்குழிப் பக்கத்து டிரங்க் ரோடுதான். லாரி வரும், கட்டைவண்டி வரும். கொள்ளு அறுப்புக் காலத்தில் ஊர்க்காரர்கள் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுக்கும் என்று அவர்களுக்கு நிம்மதி. அதில் ஒருமுறை வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். அன்றைக்குத்தான் நைனா கறாராகச் சொன்னார். பெண் பார்த்தாகிவிட்டது, வருகிற பந்தயம்தான் கடைசி, அது முடிந்ததும் வண்டியை விற்றுவிட வேண்டும். அண்ணன் ஒப்புக்கொண்டான். அந்த ஒரு பந்தயத்துக்காக அவன் எதற்கும் ஒப்புக்கொண்டிருப்பான்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. சுற்றுப்பட்ட கிராமங்களில் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்க ஒரு பெரிய இயந்திரம் வந்தது. அதோடு வந்தவர் அந்த சுவீடன்காரர். பயணியர் விடுதியில் தங்கிக்கொண்டு, ஏனாத்தூர், ஓரிக்கை என்று மோட்டார் சைக்கிளில் சுற்றுவார். வண்டி மக்கர் செய்து அண்ணன் கொட்டகைக்கு வந்தவர், அங்கே பந்தய வண்டியைப் பார்த்ததும் தம் வண்டியை மறந்துவிட்டார். பேச்சுக்கு நான் தேவைப்பட்டேன். ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்த எனக்கு வீட்டில் இங்கிலீஷ்காரி என்று பெயர். அவருக்கும் அது சொந்தப் பாஷை இல்லை. இரண்டு அரைகுறைகளும் எப்படியோ பேசிக்கொண்டோம். போகப் போக சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்.

அவரும் அவருடைய தம்பியும் அவர்கள் நாட்டில் பந்தயம் ஓட்டினவர்கள். அங்கே இதற்கென்று தனிப் பாதை ரொம்பக் குறைவாம். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சாலையை மூடிவிட்டு அதிலேயே ஓட்டுவார்களாம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் நெருக்கமாக மரம். பக்கத்து நாட்டில் ஒரு பந்தயத்தில் நடுவே ரயில் தண்டவாளத்தையே தாண்டிப் போக வேண்டுமாம். கோடை என்று ஒன்று வந்த சூட்டில் போய்விடும். மிச்ச நாளெல்லாம் பனி. பனி உருகும்போது சாலை வெடித்துக் கிடக்கும். ஒரு பந்தயத்துக்காக வேனுக்குள் மோட்டார் சைக்கிளை ஏற்றி, கப்பலில் கடல் தாண்டி, வேனிலேயே படுத்து எழுந்து, தோற்றுத் திரும்புவார்களாம். ஓட்டுகிறவர்கள் செத்துச் செத்து, சாலையை மூட ஊர்க்காரர்களும் இப்போது சம்மதிப்பதில்லை என்றார். இதையெல்லாம் ஏதோ பயிர் கருகின கதை சொல்வதுபோல முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்வார்.

குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று அண்ணன் கேட்டான். ஏரி உறைந்துவிடும், டயரில் ஆணி அடித்து அதன்மேல் ஓட்டுவோம் என்றார். நான் சொன்னதைக் கேட்டு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏரி மேல வண்டி வுடுவாங்களாமா? தொரை நல்லாதான் கத வுடுறாரு."

பந்தய வண்டிக்கு அங்கே விளக்கெண்ணெய் ஊற்றுவதுண்டு என்று அவர் சொன்னபோது, "வண்டிக்கும் பேதிக்குக் குடுக்கிறாங்களா?" என்றாள். அதை நான் எப்படியோ இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பந்தயம் நெருங்கின சமயம் ஒருநாள் சாயங்காலம் ஒரு மூட்டையோடு வந்தார். பிரித்தால், கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாகக் கருப்புத் தோல் உடுப்பு. வேர்வையும் விளக்கெண்ணெயும் கலந்த நாற்றம். இடது தோளில் மட்டும் புதுத் தோல் வைத்துத் தைத்திருந்தது. "இது என் தம்பியுடையது. அவன் இப்போது இல்லை. மரத்தில் மோதிவிட்டான்" என்றார். வீட்டில் இருந்தால் அவருடைய அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். அதனால் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். அண்ணன் வண்டியில் குனிந்து உட்காரும்போது பின்னாலிருந்து பார்த்தால் தம்பி மாதிரியே இருக்கிறது என்றார். "கீழே விழுந்தால் உன் தோலுக்குப் பதிலாக இது தேயும்." அண்ணன் அங்கேயே போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணப் பட்டுவேட்டியைக்கூட அவன் அப்படி ஆசையாகத் தொட்டிருக்கமாட்டான்.

தறி இருக்கிற வீடு எங்களுடையது. செருப்பைக்கூட வாசலைத் தாண்ட விடமாட்டோம். இருந்தும் அம்மா அந்த உடுப்பை இரண்டு கையாலும் வாங்கி வைத்தாள். தம்பியைப் பறிகொடுத்தவர் என்று தெரிந்ததிலிருந்து அவரைத் தொரை என்பதை விட்டுவிட்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போ தம்பி" என்றாள்.

மறுநாள் அண்ணன் உதிரிச் சாமான் வாங்க மெட்ராஸ் போய்விட்டான். நான் படிக்கப் போய்விட்டேன். நைனா நெய்த சேலையைக் கொடுக்கப் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் அந்த உடுப்பும் மட்டும் இருந்தார்கள். செத்தவர் உடுத்தியதைத் தண்ணீர் காட்டாமல் பிள்ளை மேல் போடக்கூடாது, தீட்டு. அதுவும் பந்தயத்துக்குப் போகிற பிள்ளை. அதோடு தோல் விறைப்பாக வேறு இருந்தது. விறைப்பாக இருப்பதை மெத்தென்று ஆக்க எங்கள் வீட்டில் ஒரே வழிதான் தெரியும். கச்சாப் பட்டு கம்பி மாதிரிதான் வரும். சோடாவும் சவுக்காரமும் போட்டு அண்டாவில் வேகவைத்தால் பசை கழன்று பூப்போல ஆகிவிடும். ஆயுசு முழுக்க அதைச் செய்தவள் அம்மா. அடுப்பு மூட்டினாள்.

நான் திரும்பி வந்தபோது கொல்லையில் கொடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சிறு பையனுக்குத்தான் பொருந்தும், அவ்வளவாகச் சுருங்கிவிட்டது. தட்டினால் பலகைபோல் சத்தம் வந்தது. அம்மா ஒரு கையை நீவிவிட்டுக்கொண்டே நின்றாள்.

"காஞ்சா சரியாப்பூடும்ல?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தியிருப்பேன். அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் கொல்லைக்கு வந்தான். கொடியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். 

"நல்லதாப் போச்சும்மா. இந்த வெயில்ல அத்தப் போட்டுக்கினா வெந்துதான் சாவணும். நானே வேணாம்னுதான் இருந்தேன்" என்றான்.

அம்மா நம்பினாள். இல்லை, நம்பினதுபோல் இருந்தாளோ, தெரியாது. அன்றிரவே காக்கித் துணி எடுத்துத் தையற்காரரிடம் ஒரு கோட்டும் கால்சட்டையும் தைக்கக் கொடுத்தாள். தைத்து வந்ததும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் உள்பக்கமாகப் பட்டுக்கழிவைத் திணித்துத் தானே கையால் தைத்தாள். "பட்டு லேசுல தேயாதுடா" என்று சொல்லிச் சொல்லித் தைத்தாள். முன்பு விழுந்தபோது அவனுக்கு அடிபட்டது முழங்காலில். அவளுக்குத் தெரிந்த விழுதல் அவ்வளவுதான்.

சுவீடன்காரரிடம் அண்ணனே போய்ச் சொன்னான், நானும் கூட இருந்தேன். அவர் கோபப்படவில்லை. ஊரிலிருந்து வேறு ஒன்று வரவழைக்கிறேன், கப்பலில் வர மாதக்கணக்காகும், இந்த வருஷம் ஓட்டாதே என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "அடுத்த வருஷம் எனக்கு வண்டியே இருக்காதுன்னு சொல்லு" என்றான். சொன்னேன். அவர் சரி என்று விட்டுவிட்டார். அவர் நாட்டிலும் ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் போலிருக்கிறது.

பந்தயத்தன்று அம்மா வரவில்லை, கோயிலுக்குப் போய்விட்டாள். நைனா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. நானும் சுவீடன்காரரும்தான் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். வெட்டவெளி. கண்ணுக்கெட்டியவரை ஒரு மரம் கிடையாது. சிமெண்டுத் தரை ஓடு ஓடாகப் பெயர்ந்து, வெடிப்பில் புல் முளைத்திருந்தது. அண்ணன் நன்றாக ஓட்டினான். ஒவ்வொரு சுற்றிலும் ஒருத்தரைப் பிடித்தான். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். எனக்குத் தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? நைனா வந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பாதை முடிந்து திரும்புகிற வளைவில் முன்னால் போன வண்டி ஆடிற்று. அண்ணன் விலகினான்; சக்கரம் சறுக்கிவிட்டது. வண்டி ஒரு பக்கம் போக, அவன் மல்லாந்தபடி அந்தச் சிமெண்டுத் தரையில் தேய்ந்துகொண்டே வெகுதூரம் போனான். நின்றதும் தானாகவே எழுந்துவிட்டான். எங்கள் பக்கம் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். அப்புறம் வண்டியைத் தேடித் திரும்பினான். அவன் முதுகு எங்கள் பக்கம் தெரிந்தது. சுவீடன்காரர் என் முகத்தைப் பிடித்துத் தன் சட்டைமேல் அழுத்திக்கொண்டார். ஆனாலும் நான் பார்த்துவிட்டேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் குப்புறப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். எலும்பு ஒன்றும் உடையவில்லை. முதல் நாள் நன்றாகப் பேசினான், யார் ஜெயித்தது என்று கேட்டான். அம்மா வந்தாள். போர்த்தியிருந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. அவன் கையை எடுத்து, முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாருங்கோ, ஒரு சிராய்ப்பு இல்ல. மொழங்கை முழுசா இருக்குது" என்று நர்சிடம் சொன்னாள்.

உண்மைதான். இரண்டு முழங்கையும், இரண்டு முழங்காலும் முழுசாகவே இருந்தன. தோள்முதல் இடுப்புவரை தோல் இல்லாத முதுகுதான் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. பிறகு யாரையும் அடையாளம் தெரியவில்லை. எந்த மருந்துக்கும் அடங்காமல் ஒருநாள் விடியற்காலையில் போய்விட்டான். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் பாவு நீட்டவில்லை.

வேகவைத்த உடுப்பைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நைனா சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு முன்னால் அந்தப் பேச்சு எந்தப் பக்கத்திலிருந்தும் வந்துவிடக்கூடாது என்று நான் காவல் காத்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஹெல்மெட், கோட்டு என்று ஆரம்பித்தாலே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன். அழுவதற்குக்கூட நேரம் இல்லாமல் அந்த வேலையாகவே இருந்தேன்.

காரியத்தன்று சுவீடன்காரர் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, எல்லோரையும்போல் தரையில் உட்கார்ந்தார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அந்த உடுப்பு இருந்தது. மடங்காத அதை எங்கே இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவர் முன்னால் வைத்தாள்.

"இத்த நான் வேவ வெக்காம இருந்தா எம்புள்ள பொழச்சிருப்பானான்னு கேளு" என்றாள் என்னிடம்.

"வேணாம்மா, அப்புறம் பேசிக்கலாம்."

"கேளுடி."

கேட்டேன். இங்கிலீஷில் கேட்கும்போது அது யார் வீட்டுக் கேள்வியோபோல் இருந்தது. அவர் உடுப்பைத் தொட்டார். இடது தோளில், புதுத் தோல் வைத்துத் தைத்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"என் தம்பி இதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் செத்தான்" என்றார்.

அவன் மோதியது மரத்தில். என் அண்ணன் விழுந்த இடத்தில் மரமே இல்லை. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் அவர் சொன்னதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். போதும், இதோடு அவள் மனசு ஆறட்டும் என்று நினைத்தேன்.

அம்மா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப ஏன் தம்பி எம்புள்ளைக்குக் குடுத்தே?" என்றாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல்தான் கேட்டாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைக் கேட்டார்.

"சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறாள்" என்றேன்.

அவர் தலையாட்டினார். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். பதிலுக்காக அம்மா நின்றுகொண்டே இருந்தாள். அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து, அவளே குனிந்து அவருக்குப் பரிமாறினாள்.